காலின் ஆர்ச்சர் என்னும் மரக்கல வினைஞர்

கடல் கடந்து சென்று புதுநிலங்களைக் கண்டாருடைய பெயர்களை நம் மாணாக்கர் பூகோள வகுப்பில் உருப்போடுகின்றனர். அவர்களைச் சுமந்து சென்று உயிரோடு மீட்டுக் கொணர்ந்த கலத்தைக் கட்டினவர் யாவர் என்று ஆசிரியரும் வினவுவதில்லை. மாணாக்கரும் விடை தேடுவதில்லை. வடகடலிலே மூன்று குளிர்காலம் பனிக்கட்டியின் பிடியில் அகப்பட்டிருந்தும் நொறுங்காது மீண்ட 'பிராம்' என்னும் கப்பலை நான்சென் என்பாருடைய பெயரோடு சேர்த்துப் படித்தவர் பலர். அக்கப்பலைச் சமைத்த காலின் ஆர்ச்சரை அறிந்தவர் மிகச் சிலர். ஆனால் நார்வே நாட்டுக் கடற்கரையில் ஆர்ச்சர் பெயரைச் சொன்னால், பெரிய கப்பலை நினையாமல், ஒரு சிறுவன் தனியே செலுத்தத்தக்க சிறு பாய்ப்படகையே நினைப்பர். அஃது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நார்வேயின் தென்கிழக்குக் கரையில் லார்விக் என்னும் துறையூர் இருக்கின்றது. அக்கரை முழுவதும் பாறைத்தீவுகளும் நீரடிப் பாறைகளும் நிறைந்தது. வெளியூர்க் கப்பல் எதுவும் வழிகாட்டி ஒருவரை ஏற்றிக் கொள்ளாமல் அவற்றினூடே துறை புகுதல் அரிது. நம் நாட்டுப் பழைய மாலுமிகள் ஆர்க்காட்டி என்று வழங்கியது இத்தொழிலாளரையே. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அங்கே வழிகாட்டிகள் தாமாகவே கடலிற் சென்று கப்பலைத் தேடிப் பிடித்தல் வேண்டும். முதலில் கப்பலை அடைந்தவனுக்கே கூலி. ஆகையால் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கரைகாணாத தூரம் வரை ஓடுவர். காற்று எத்துணைக் கடுமையாக வீசுகின்றதோ அத்துணைக்குத் தம் உதவி தேவைப்படும் என்பது அவர்கள் கணக்கு. புயலுக்கு அஞ்சிக் கரையில் இருந்தவன் வீட்டில் அன்று அடுப்பெரியாது.

இதனினும் வியப்பானது அடுத்து நிகழ்வது. வழிகாட்டியுடன் படகிற் செல்பவன் தொழில் பழகும் ஒரு சிறுவன் மாத்திரமே. அலை மோதும் கடலில் கப்பலின் பக்கத்தே படகை ஒட்டி நிறுத்த, வழிகாட்டி கயிற்றைப் பற்றிக் கப்பலில் தாவி ஏறிவிடுவான். கப்பல் தன் வழியே போய்விடும். சிறுவன் தன்னந்தனியனாய்ப் பாயையும் சுக்கானையும் தானே பார்த்துக்கொண்டு, இருளிலும் பனிமழையிலும் படகை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தல் வேண்டும். இப்படிப் போனவர் பலர் திரும்பவில்லை. தந்தை கப்பலில் ஏறித் துறை சேர்ந்து, மகன் வரவை நோக்கிக் கரையில் நின்ற குடும்பங்கள் அக்கரையில் இருந்தன. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், படகின் அடியில் வைக்கும் பாரம் கல்லாயிருத்தல் வேண்டுமா, இரும்பாயிருத்தல் வேண்டுமா என்னும் வினா ஒருவருடைய ஆயுட்காலத்தையே கொள்ளத்தக்கது என்பது விளங்கும்.

ஆர்ச்சருடைய பெற்றோர் ஸ்காட்லாந்தினர். 1825-ஆம் ஆண்டில் லார்விக்கிற் குடியேறி வாணிகம் செய்தனர். 13 மக்களுள் 12-ஆவதாக, 1832-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் காலின் பிறந்தார். தொல்லரோடன் என்னும் அவர்கள் இல்லம் கடலை ஒட்டி நின்றது, இன்றும் நிற்கின்றது. அண்ணன்மார் சிலர் ஆஸ்திரேலியாவில் ஆட்டுமந்தை வளர்க்கச் சென்றிருந்தமையால் இவரும் இளமையில் அங்குச் சென்றார். 1855-ஆம் ஆண்டில் 'எல்லிடா' என்ற சிறு பாய்க்கலத்தில் பண்டங்களை ஏற்றிக்கொண்டு, குவீன்ஸ்லாந்துப் பகுதியில் உள்ள பிட்ஸ்ராய் ஆற்றினுள் நுழைந்து, தம் சகோதரர் கிரேஸ்மியரில் அமைத்த குடியிருப்பைச் சேர்ந்தார். அந்நிலம் ஆளற்ற நிலம் அன்று. அதற்கு உரியரான பழங்குடி மக்கள் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1861-ஆம் ஆண்டில், முதுமையுற்ற பெற்றோரைப் பேணுதற்பொருட்டு அவர் லார்விக்கிற்கு மீண்டார். அப்போது அவருக்கு வயது 29. கலங்கட்டும் தொழிலை ஒரு பட்டடையிலும் முறையாகப் பயின்றவரல்லர். நூல்களைப் படித்தும், கணக்கிட்டும், தம் கையாலேயே அறுத்தும் இழைத்தும் கற்றுக்கொண்டார். 1867-ஆம் ஆண்டில் வீட்டருகே தம் முதற் படகை நீரில் இறக்கினார்.

இனி, வழிகாட்டிப் படகில் அவர் செய்த திருத்தங்களைச் சற்று விரிவாக ஆராய்வோம். முன்பு அக்கரையிற் கட்டப்பட்ட படகுகளில், ஓட்டுக் கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறினாற்போல, ஒரு பலகையின் விளிம்பின்மேல் அடுத்த பலகையின் விளிம்பு ஏறியிருக்கும். இரண்டையும் ஆணிகளால் இறுக்கியிருப்பர். இம்முறையில் படகு இலேசாக அமையும். உள்ளே பருத்த வங்குக்கால்கள் வேண்டுவதில்லை. ஆனால் பெருங்கடல் நாள்தோறும் மோதுங்கால் ஆணிகள் அசைந்து துளைகள் அகன்று நீர் கசியத் தொடங்கும். ஒரு பலகை பழுதுற்றால் அதனை மட்டும் கழற்றி மாற்றுவதும் எளிதன்று. ஆர்ச்சர் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்து, வலிய வங்குக்கால்களில் அறைந்து, இடுக்குகளைக் கலப்பற்றுச் செய்தார். புறம் வழவழப்பாயிற்று, கட்டுக்கோப்பு உறுதியாயிற்று. இம்முறை பெரிய கப்பல்களுக்கு முன்னரே உரியதுதான். அதனைச் சிறு படகுக்கு ஏற்ற அளவில் அமைத்ததே அவர் செய்தது.

இரண்டாவது திருத்தம் அடிப்பாரம் பற்றியது. பாயிற் காற்றுத் தாக்கிப் படகு ஒருக்கணிக்கும்போது அதனை மீண்டும் நிமிர்த்துதற்கு அடியிற் பாரம் வேண்டும். தஞ்சாவூர்ப் பொம்மையைச் சாய்த்து விளையாடாத சிறுவன் நம்முள் இல்லை. அதன் அடியில் வைத்த பாரமே அதனை நிமிர்த்துகின்றது. ஆனால் அப்பாரம் பொம்மையின் அடியோடு ஒட்டியிராமல் உள்ளே உருளும் கல்லாக இருந்தால் என் ஆகும்? சாய்ந்த பக்கமே கல்லும் உருளும், பொம்மை எழாது. பழைய படகுகளில் அடிப்பாரமாக இட்டது கற்களையே. பேரலை ஒன்று படகைப் பக்கவாட்டில் வீழ்த்தினால், கற்கள் தாழ்ந்த பக்கம் சரிந்து, எழ வேண்டிய படகை எழவொட்டாமல் செய்துவிடும். ஆர்ச்சர் பாரத்தின் ஒரு பகுதியை இரும்பாக வார்த்து, ஏராக் கட்டையின் அடியிலே திருகாணிகளால் பிணைத்தார். அது சரியாது, கலத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருத்தலால் குறைந்த நிறையே மிகுந்த பயன் தரும்.

அங்ஙனமாயின் பாரம் முழுவதையும் வெளியே மாட்டியிருக்கலாகாதோ எனின், ஆகாது. பாரம் முழுதும் மிகத் தாழ்ந்திருந்தால் படகு வெடுக்கென்று நிமிரும். அவ்வீச்சில் பாய்மரத்துக்கும் கயிறுகளுக்கும் ஊறு நேரும். உள்ளிருப்பவர் தூக்கி எறியப்படுவர். ஆகவே எஞ்சிய பாரத்தைக் கலத்தினுள்ளேயே அசையாதபடி அமைத்தார். எங்கே நிறுத்துவது என்று அறிந்ததில்தான் அவருடைய திறமை இருந்தது என்பது என் கருத்து. புதுமை செய்வார் பலர் ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் அதனை எல்லை கடந்து நீட்டிவிடுவர்.

படகின் இருமுனையும் கூர்மையாய் இருத்தல் அந்நாட்டுப் பழைய வழக்கு. அதனை அவர் மாற்றினாரில்லை. பின்னே துரத்திவரும் அலை கூரிய பிற்பக்கத்தால் பிளக்கப்பட்டு இருமருங்கும் வழிந்துபோகும் என்பது அதற்குக் கூறும் காரணம். பிற்காலத்தார் சிலர், அக்கூர்மையினால் பிற்பக்கத்தின் மிதப்பு குறைகின்றது என்று வாதிட்டனர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. சுக்கானை வெளிப்புறத்தே தொங்கவிட்டார். பழுதுற்றால் எளிதிற் சீர்செய்யலாம். வழிகாட்டிகள் முதலில் இவற்றை ஐயுற்றனர் என்பதில் வியப்பில்லை. தம் உயிரை வைத்துப் பழகிய கருவியை ஏடு படித்த ஒருவர் சொல்லுக்காக எவரும் மாற்றார். ஓரிரு படகுகள் கடலில் ஓடித் திரும்பிய பின்னரே ஏனையோரும் அவரிடம் வந்தனர். காலப்போக்கில் வழிகாட்டிகளுக்கென்றே பற்பல படகுகளை அவர் கட்டினார்.

அவர் வெறும் தச்சர் மாத்திரம் அல்லர், கணிதத்தையும் கைக்கொண்டவர். ஸ்காட் ரஸ்ஸல் என்னும் பொறியியலாளர் 1834-ஆம் ஆண்டில் ஒரு கால்வாயில் தனித்து ஓடிய அலை ஒன்றைக் குதிரைமீது பின்தொடர்ந்து சென்று கண்ட செய்தியைப் பௌதிக மாணாக்கர் அறிவர். அதிலிருந்து, கப்பலின் நீர்மட்டக் கோடுகளை அலையின் வடிவில் அமைத்தால் தடை குறையும் என்று அவர் ஒரு கொள்கை வகுத்தார். ஆர்ச்சர் அதனை ஏற்று, ஆனால் வேறோரிடத்திற் பொருத்தினார். ஒரு வெள்ளரிக்காயைக் குறுக்கே வில்லைவில்லையாக அரிவதுபோல, கலத்தின் நீரில் அமிழ்ந்த பகுதியைக் குறுக்கே பல துண்டங்களாக அறுத்ததாகக் கொள்க. ஒவ்வொரு வெட்டுமுகத்தின் பரப்பையும் கணித்து, அணியத்திலிருந்து பிற்பக்கம்வரை வரிசையாகப் புள்ளியிட்டு இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அவ்வளைகோடே அலைவடிவாய் இருத்தல் வேண்டும் என்பது ஆர்ச்சர் கொள்கை. எனவே வெட்டுமுகத்தின் பரப்பு கணக்குக்கு ஒத்திருந்தால், அதன் உருவத்தைக் கலத்தின் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் உரிமை ஓடாவிக்குக் கிடைத்தது. உண்மையை மறையாது சொல்ல வேண்டுமாயின், அலைக்கொள்கை நெடுங்காலம் நிலைக்கவில்லை. வில்லியம் புரூடு முதலியோர் நீர்த்தொட்டியில் சிறு மாதிரிகளை இழுத்துச் செய்த சோதனைகள் அதனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆயினும் வெட்டுமுகப் பரப்புகளை வளைகோடாக வரைந்து பார்க்கும் முறை கப்பல் வரைவாளரிடம் இன்றும் உண்டு.

வழிகாட்டிகளினும் இரங்கத்தக்கவர் வடநார்வேயின் மீனவர். அவர்கள் குளிர்காலத்தின் நடுவே மூடுதளம் இல்லாத திறந்த படகுகளில் மீன்பிடிக்கச் சென்றனர். ஆஸ்கார் திபிரிங் என்ற மருத்துவர் அவர்கள் மடிவதைப் பொறாமல் ஊர்தோறும் பேசியும் எழுதியும் வந்தார். அம்முயற்சியின் பயனாகக் கடலில் இடருற்றாரை மீட்கும் சங்கம் 1891-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஏனைய நாடுகளில் மீட்புப் படகு கரையில் காத்திருந்து, அபாயக்குறி கண்டபின் துடுப்பு வலித்துச் செல்லும். நார்வேயின் நீண்ட கரைக்கு அது பொருந்தாது. மீட்புக் கலம் மீனவர் கூட்டத்தோடு தானும் கடலிலேயே இருத்தல் வேண்டும். எல்லாக் கலங்களும் ஒதுங்கும் புயலில் அது வெளியேறல் வேண்டும். பொறியின்றிப் பாயின் வலியாலேயே பிற படகுகளைக் கட்டி இழுத்தும் வரல் வேண்டும். அத்தகைய கலம் ஒன்று எங்கும் இல்லை. ஆர்ச்சர் தம் வழிகாட்டிப் படகையே அடிப்படையாகக் கொண்டு அதனைப் பெரிதாக்கி வரைந்தார். 1893-ஆம் ஆண்டில் அது நீரில் இறங்கியது. நீளம் ஏறக்குறைய 47 அடி. அகலம் 15 அடிக்குச் சிறிது மிகுதி. அதற்குச் சங்கத்தார் இட்ட பெயர் 'காலின் ஆர்ச்சர்' என்பதே.

அடுத்த ஆண்டு, 1894-ஆம் ஆண்டு மே மாதத்தில், வடகோடியில் உள்ள ஹாம்னிங்பெர்க் என்னுமிடத்தில் கடும்புயல் எழுந்தது. ஆந்தொனிசென் என்னும் தலைவர் அக்கலத்தைச் செலுத்திச் சென்று 36 பேரை உயிரோடு மீட்டார். ஆர்ச்சருடைய வரைபடத்தைக் குறித்து அதன்பின் எவரும் வாதிடவில்லை. அவ்வகைக் கலங்கள் பல அடுத்தடுத்துக் கட்டப்பட்டன.

இதற்கிடையிலேதான் பிராம் கட்டப்பட்டது. 'ஜானெட்' என்னும் அமெரிக்கக் கப்பல் 1881-ஆம் ஆண்டில் சைபீரியாவின் வடபால் பனியில் நொறுங்கியது; அதன் சிதறல்கள் மூன்றாண்டு கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கண்டெடுக்கப்பட்டன. பனியே அவற்றைச் சுமந்து துருவக்கடலைக் கடந்திருத்தல் வேண்டும் என ஊகித்த நான்சென், ஒரு கப்பலைப் பனியில் உறையவிட்டு அதனோடு தாமும் மிதந்து செல்லத் துணிந்தார். கற்றறிந்தோர் பலர் இது தற்கொலை என்றனர். நொறுங்காத கப்பல் ஒன்று அமைந்தால் தற்கொலையன்று. அதனைத் தருபவராக நான்சென் தேர்ந்தவர் ஆர்ச்சர். புளியங்கொட்டையை இருவிரலிடை வைத்து அழுத்தினால் அது நசுங்காமல் மேலே துள்ளுவதை நாம் கண்டிருக்கிறோம். பிராமின் வடிவமும் அவ்வாறே: பனி எப்பக்கம் நெருக்கினும் பற்றுதற்கு இடமின்றி, கப்பல் மேலே வழுக்கி எழும்பொருட்டு, பக்கங்கள் உருண்டு சரிந்திருந்தன. ஏறக்குறைய 128 அடி நீளத்துக்கு 36 அடி அகலம். பக்கச் சுவரின் கனம் 2 அடிக்கு மேல். அணியத்தில் மரத்தின் கனம் ஏறத்தாழ 4 அடி. சுக்கானையும் உந்துசுழலியையும் பனி பற்றாதபடி கிணறுபோன்ற துளைகளின் வழியே மேலே தூக்கிக்கொள்ளலாம். 1892-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் லார்விக்கை அடுத்த ரெக்கவிக்கில் அது நீரில் இறங்கியது.

1893-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் பனி அதனைப் பற்றியது. 1895-ஆம் ஆண்டு ஜனவரியில் மலைபோற் குவிந்த பனி பக்கத்தே வந்து நெருக்க, கப்பலைக் கைவிட்டு இறங்குதற்கு ஆயத்தமாயினர். பிராமோ நெருக்கத்தை உதறி மேலெழுந்தது. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது திறந்த கடலை அடைந்தது. சென்ற 13 பேரும் உயிரோடு வீடு திரும்பினர். உருளையான அடியுடைய கப்பல் திறந்த கடலில் அளவின்றிப் புரளும். பிராமில் சென்றவர் அவ்வருத்தத்தை நன்கு பட்டனர். ஒரு பணிக்கு உகந்த வடிவம் மற்றொன்றுக்கு உகவாது என்பதை ஆர்ச்சர் அறிந்தே செய்தார். இன்று பிராம் ஆஸ்லோ நகரில் அதற்கெனக் கட்டிய காட்சிச்சாலையில் இருக்கின்றது.

அவர் வரைந்த கலம் எல்லாம் நற்பேறு பெற்றன என்று எண்ணற்க. 1886-ஆம் ஆண்டில் அவர் வரைபடப்படி அரண்டால் நகரில் கட்டப்பட்ட கப்பல் ஒன்று, பிற்காலத்தில் 'சதர்ன் கிராஸ்' எனப் பெயர்பெற்றுத் தென்துருவக் கண்டம் வரை சென்று மீண்டது. பின்னர் நியூபவுண்ட்லாந்தில் கடல்நாய் வேட்டைக்கு விடப்பட்டு, 1914-ஆம் ஆண்டுப் புயலில் 173 பேருடன் மறைந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போது ஆர்ச்சருக்கு வயது 81. அதே ஆண்டு ஜூலையில், அவர் 1905-இல் எர்ஸ்கின் சில்டர்ஸ் என்பாருக்குக் கட்டிக்கொடுத்த 'ஆஸ்கார்ட்' என்னும் உல்லாசப் படகு, அயர்லாந்துத் தொண்டர்களுக்குத் துப்பாக்கிகளை ஏற்றிச்சென்று ஹௌத் துறையில் இறக்கியது. கட்டினவர் கை விட்டகன்றபின் கலம் எங்குச் செல்லும் என்பதை யார் கூறவல்லார்?

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. ஆர்ச்சருடைய மீட்புக் கலத்தின் வடிவத்தைச் சுருக்கி, வில்லியம் அட்கின் என்னும் அமெரிக்கர் 32 அடிப் படகு ஒன்றை வரைந்தார். அவ்வரைபடத்தைக் கொண்டு பம்பாய் ஓடாவிமார் தேக்குமரத்தால் கட்டியதே 'சுஹைலி'. 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்திலிருந்து அதிற் புறப்பட்ட ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எத்துறையிலும் நில்லாது தனியொருவராய் உலகைச் சுற்றி 312 நாளிற் கரை சேர்ந்தார். அவ்வாறு செய்தாருள் அவரே முதல்வர். போட்டியிற் புறப்பட்டவர் 9 பேர். முடித்தவர் அவர் ஒருவரே. ஒரு சிறுவன் தனியே கரை சேர வேண்டும் என்று பிறந்த வடிவம் அது என்பதை மாணாக்கர் நினைவு கூர்க.

ஆர்ச்சர் முதுமையிலும் லார்விக்கை விட்டு அகலவில்லை. அவர் கண்ணெதிரேயே பொறிப்படகுகள் பெருகின. பாயின் காலம் சாய்ந்தது. 1914-ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே பிறந்த குழந்தை ஒன்று பிற்காலத்தில் 'கான்-டிக்கி' என்னும் கட்டுமரத்திற் பசிபிக் கடலைக் கடந்த தோர் ஹேயர்தால் ஆயிற்று. கிழவர் இறக்கும்போது அக்குழந்தைக்கு வயது ஆறு. 1921-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே ஆர்ச்சர் காலமானார். கடலோடு வாழ்நாளெல்லாம் பழகியவர் கரையில், முதுமையால் இறந்தார்.

அன்றும் அவர் பெயர் பூண்ட மீட்புக் கலம் பணியில்தான் இருந்தது. 1933-ஆம் ஆண்டில் அது ஓய்வு பெறுமுன் காப்பாற்றிய உயிர்கள் 236. பின்பு விலைபோய் அமெரிக்கக் கரைகளில் அலைந்து, 1970-களில் தாயகம் மீண்டு செப்பனிடப்பெற்று, இப்போதும் லார்விக்கை அடுத்த நீரில் பாய் விரித்து ஓடுகின்றது.